கொலஸ்ட்ரால் கலைத்த விரதம்

விரதத்தில் ஆட்டுக்கறி சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சாப்பிடாமலே மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். அதுவும் எங்கே? கிள்ளானில், என் மச்சான் வீட்டு வாசலில், காவடி எடுக்கப் போகிற அத்தனை பேருக்கும் முன்னால். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் சபாபதி. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். ஏர்கோன் ரிப்பேர் செய்வது தொழில். எனக்குப் பொய் சொல்ல வராது. நான் பெரிய உத்தமன் என்பதால் அல்ல. சொல்ல வாயைத் திறந்தாலே சிரிப்பு வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் சினிமாவுக்குப் போய்விட்டு, "ஓவர்டைம்" என்று என் மனைவி புஷ்பவல்லியிடம் சொல்லப் பார்த்தேன். பாதிச் சொல்லிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த முயற்சியே கிடையாது.

போன வருஷம் எங்கள் மகள் அமுதவள்ளிக்குப் பிரசவம். ரொம்பச் சிக்கலாகிவிட்டது. பூச்சோங்கிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "முருகா, ரெண்டு உயிரையும் கொடுத்துடு, பத்துமலைக்குப் பால் காவடி எடுக்கிறேன்" என்று அழுதேன். கொடுத்துவிட்டான். பேரன் இப்போது என் ஸ்க்ரூடிரைவரை வாயில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்கிறான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. தைப்பூசத்துக்கு விரதம் ஆரம்பித்தேன். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. பாயில் படுக்கை, முகத்தில் தாடி. எங்கள் பிளாட்டுக்கு நேர் கீழே பீர் முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை. அவன் மட்டன் வறுக்கிற வாசனை தினமும் பத்து மணிக்கு மேலே ஏறி, என் ஜன்னலைத் தட்டும். ஆட்டுக்கறிக்காகக் கண்ணீர் விடக்கூடிய ஆள் நான். ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீரை சாப்பிட்டேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்!

காவடிக் குழுவுக்குத் தலைவன் யுகேந்திரன், புஷ்பாவின் தம்பி. வெள்ளிக்கிழமை தோறும் கிள்ளானில் அவன் வீட்டில் பஜனை. ஒரு வெள்ளிக்கிழமை பஜனைக்கு முன்னால் இலவச ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்திருந்தான். விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, சின்ன மிஷினில் வைத்தால் கொலஸ்ட்ரால் தெரிந்துவிடும்.

முதல் ஆளாக விரலை நீட்டியது நான்தான். காரணம் இருக்கிறது. முந்தைய வருஷம் எனக்குக் கொலஸ்ட்ரால் லேசாக ஏறியிருந்தது. இத்தனை நாள் கீரை தின்றதற்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்று ஆசை. பின்னால் திரும்பி, "பாருங்கலா, விரதத்தோட மகிமையை" என்று வேறு சொல்லிவைத்தேன்.

பரிசோதனை செய்த பெண் மிஷினைப் பார்த்தாள். அதைத் தட்டினாள். இன்னொரு விரலில் குத்தினாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், தினமும் மட்டன் சாப்பிடுவீங்களா?"

ஆர்மோனியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் விரலை எடுக்க மறந்துவிட்டார். ஒரே சுரம் நீளமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"எட்டுக்கு மேலே இருக்கு அங்கிள். இந்த மிஷின் கணக்குலே அஞ்சைத் தாண்டக்கூடாது" என்றாள் அவள்.

அடுத்து விரலை நீட்டியவன் யுகேந்திரன். நான்கு. "பெர்பெக்ட் அண்ணே" என்றாள். அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் நான் விரதத்தில் கறி தின்றவன். வழக்கமாக எனக்குக் கொடுக்கிற தாளத்தைக்கூட அன்று கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் புஷ்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் உள்ளே கேஸ் தயாராகிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள்.

"கீரை தின்றவங்க எல்லாம் இளைச்சுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க தொப்பை போடுது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானம் பார்த்தா குறட்டை விட்டுத் தூங்குறீங்க. அது கறி தின்ற தூக்கம். மூஞ்சி உப்பியிருக்கு. தொண்டை கரகரன்னு இருக்கு. பாத்ரூம்லே போய் அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வர்றீங்க. உள்ளே என்ன பண்றீங்க?"

"பாத்ரூம்லே என்னடி பண்ணுவாங்க? வரமாட்டேங்குதுன்னு உட்கார்ந்திருக்கேன்!"

"இல்லே, மறைச்சு வெச்சுச் சாப்பிடுறீங்க."

அதோடு விட்டாளா? கொஞ்ச நாளாக எனக்கு ஒரே குளிர். கோலாலம்பூர் வெயிலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தேன். விரதத்தில் உடம்பு குளிர்ந்து போயிருக்கிறது, எல்லாம் முருகன் அருள் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். புஷ்பா அந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, பாக்கெட் பாக்கெட்டாக மோந்து பார்த்தாள். வறுத்த கறியைப் பதுக்கத்தான் போட்டிருக்கிறேனாம். அதில் கரன்ட் பார்க்கிற டெஸ்டர் பேனாவும் இருமல் மிட்டாயும்தான் இருந்தன. மிட்டாய், கறி வாசனையை மறைக்கத்தான் என்றாள்.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு பீர் முகம்மதுவின் கடைக்குப் போனாள். நான் தினமும் சர்க்கரை மட்டும் போட்டு, பால் சேர்க்காத வரத்தேநீரும் வெறும் தோசையும் சாப்பிடுகிற இடம். அவன் மட்டுமே என் சாட்சி.

"பீர் தம்பி, மறைக்காம சொல்லு. இவர் இங்கே ஆட்டுக்கறி சாப்பிட்டாரா?"

"அல்லா மேலே ஆணையா, என் கடையிலே சாப்பிடலேக்கா" என்றான் பீர் முகம்மது. நான் நிமிர்ந்து நின்றேன்.

"அப்போ எந்தக் கடையிலே சாப்பிட்டார்?"

பீர் முகம்மதுவின் முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தான். அவன் குரலே கம்மிப்போனது.

"அண்ணே, உண்மையாவா? என் மட்டனை விட்டுட்டு வேற கடைக்கா போனீங்க? எத்தனை வருஷப் பழக்கம் அண்ணே. நம்பவே முடியலே."

பாவி! சாட்சிக்கு வந்தவனே புகார்க்காரனாகிவிட்டான். அன்றைக்கு என் தோசை கருகித்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை யுகேந்திரன் தீர்ப்பைச் சொன்னான். தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மாமா, இந்த வருஷம் நீங்க வேன் ஓட்டுங்க. காவடி அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்லா. சுத்தமில்லாம எடுத்தா எல்லாருக்கும் ஆகாது."

"நான் சாப்பிடலடா!"

"நான் சொல்லலே மாமா. மிஷின் சொல்லுது."

நான் புஷ்பாவைப் பார்த்தேன். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "கறி தின்னுட்டு காவடி எடுத்து, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? என்னாலே தாங்க முடியாதுங்க. வேணாம்." சொல்லிவிட்டு அழுதாள்.

எடுத்தால் பேரனுக்கு ஆபத்து என்று அவள் பயப்படுகிறாள். எடுக்காவிட்டால் முருகனிடம் சொன்ன வாக்கு என்ன ஆவது என்று நான் பயப்படுகிறேன். நடுவில் ஒரு சின்ன மிஷின். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் என்னை நம்பவில்லை, ஒரு சொட்டு ரத்தத்தை நம்புகிறாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் ஷப்னத்தின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஏர்கோன் குளிரவில்லையாம். ஏணியைத் தூக்கிக்கொண்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஏறி, காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன்.

"நல்லா குளிருதே டாக்டர்" என்றேன்.

கீழே காத்திருந்த நோயாளிகள் மொத்தப் பேரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆன்டி என்னை அண்ணாந்து பார்த்து, "பாஸ், இங்கே மனுஷன் வெந்துக்கிட்டு இருக்கான். குளிருதுன்னு சொல்றியே, உனக்கே அடுக்குமா?" என்றார்.

"குளிருது ஆன்டி. எனக்குப் பல்லு ஆடுது பாருங்க."

டாக்டர் ஷப்னம் வெளியே வந்து என்னைப் பார்த்தார். சின்ன வயசுப் பெண்தான். ஆனால் பார்வை எக்ஸ்ரே எடுக்கிற பார்வை. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அங்கிள், கம்ப்ரசர் ஓடவே இல்லே. வெறும் காத்துதான் வருது. உங்களுக்கு எப்படிக் குளிருது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை. கம்ப்ரசர் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

"கீழே இறங்குங்க அங்கிள். ஏர்கோனை அப்புறம் பார்க்கலாம். முதல்லே உங்களைப் பார்க்கணும்" என்றார்.

உட்கார வைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் மேலே போனது; அங்கேயே நின்று யோசித்தது; பிறகு வேண்டா வெறுப்பாகக் கீழே வந்தது.

"ரொம்ப அசதியா இருக்கா? குளிர் தாங்கலையா? எடை கூடுதா? குரல் மாறியிருக்கா? மலச்சிக்கல் இருக்கா?"

"டாக்டர், என் சம்சாரம் உங்ககிட்டே வந்து பேசினாளா?" என்று கேட்டேன். புஷ்பா போட்ட குற்றப்பத்திரிகையை அப்படியே படிக்கிறாரே!

கொலஸ்ட்ரால் கதையையும் சொன்னேன். விரதம், காவடி, மிஷின், பாத்ரூம், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. ஊசியால் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். "ரிசல்ட் வந்ததும் ஆன்டியைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ரிசல்ட் அன்று புஷ்பா வந்தாள். கூடவே யுகேந்திரனும் வந்தான். குழுத் தலைவன் என்கிற முறையில் வந்தானாம். தன் நான்கு பாயின்ட் தாளையும் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டர் என் கழுத்தைக் காட்டினார். "ஆன்டி, இங்கே தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் சொல்லும். அங்கிளுக்கு அது ரொம்ப மந்தமாயிடுச்சு. அதனாலேதான் குளிர், தூக்கம், எடை, மலச்சிக்கல் எல்லாம். கொலஸ்ட்ரால் ஏறினதும் அதனாலேதான்."

"கழுத்துக்கும் கொழுப்புக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்றாள் புஷ்பா.

"ரத்தத்திலே ஓடுற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் பிடிச்சு உள்ளே இழுத்துக்கும். அதுக்குன்னே கல்லீரலுக்குச் சின்னச் சின்னக் கைங்க இருக்குன்னு வெச்சுக்குங்க. தைராய்டு ஹார்மோன் இருந்தாத்தான் அந்தக் கைங்க போதுமான அளவு உண்டாகும். ஹார்மோன் குறைஞ்சா கை குறையும். இழுக்க ஆள் இல்லாம கொழுப்பு ரத்தத்திலேயே சுத்தும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "பில்டர் கழுவாத ஏர்கோன் மாதிரியா டாக்டர்? தூசு வெளியிலேருந்து புதுசா வராட்டியும் உள்ளேயே சேர்ந்துக்கிட்டே போகுமே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அங்கிள்."

புஷ்பா அவ்வளவு சுலபமாக விடுகிறவளா? "சரி டாக்டர், அந்தக் கொழுப்பு முதல்லே எங்கேருந்து வந்துச்சு? கீரையிலேருந்தா?"

"கொலஸ்ட்ராலை நம்ம உடம்பே தயாரிக்குது ஆன்டி. பெரும்பங்கு அப்படி வர்றதுதான். சாப்பாட்டிலேருந்து வர்றது கொஞ்சம்தான்."

"இவருக்கு உள்ளேயே தயாராகுதா?" என்று புஷ்பா என் வயிற்றைப் பார்த்தாள். வயிற்றுக்குள்ளே நான் ரகசியமாக ஒரு மட்டன் கடை நடத்துகிற மாதிரி பார்த்தாள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். கொலஸ்ட்ராலுக்குத் தனி மாத்திரை இப்போது வேண்டாம், தைராய்டு சரியானால் அதுவே இறங்கலாம், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். காவடி? இதயத்தைப் பார்த்தாயிற்று, சின்னப் பால் காவடிதானே, நின்று நின்று மெதுவாக ஏறுங்கள் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே டாக்டர் காலில் விழலாம்போல இருந்தது.

அப்போது யுகேந்திரன் தொண்டையைச் செருமினான். "ஒரு நிமிஷம் டாக்டர். அப்போ மாமா கறி சாப்பிடலேன்னு இந்தத் தாள்லே ப்ரூப் இருக்கா?"

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லே. அதை இந்தத் தாள் சொல்லாது. எந்தத் தாளும் சொல்லாது. விரதம் இருந்தாரா இல்லையான்னு ரத்தத்திலே பார்க்க முடியாது. ஒருத்தர் கீரையே சாப்பிட்டு எட்டு வரும். இன்னொருத்தர் கறியாச் சாப்பிட்டு நாலு வரும்."

"நான் எங்கே கறி சாப்பிட்டேன்? சூப்புதானே!" என்றான் யுகேந்திரன்.

நான் ரிப்பேர் செய்த ஏர்கோன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல சத்தம்.

புஷ்பா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். "என்ன சூப்பு?"

"இல்லேக்கா, சளி பிடிச்சிருந்துச்சு. ஆட்டு எலும்பு சூப்பு. கறியைத் தொடலேக்கா. சத்தியமா, தண்ணி மட்டும்தான். ரெண்டு மூணு வாட்டி. ரொட்டி முக்கிச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்."

நான்கு பாயின்ட் தாள் இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டான். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் புஷ்பா அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சியைப் பாருங்க. சாப்பிட்டீங்களா?"

அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியும். சிரிப்பு வருகிறதா என்று பார்க்கிறாள். நிலைமையோ அப்படி! எதிரே சூப்பில் ரொட்டி முக்கியவன் விழி பிதுங்கி நிற்கிறான். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி நெஞ்சுவரை வந்துவிட்டது. இப்போது சிரித்தால் தொலைந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லே புஷ்பா" என்றேன்.

சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம், ஆர்மோனியக்காரரிலிருந்து கருகிய தோசைவரை, மடை திறந்த மாதிரி கொட்டியது. டாக்டர் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தார். புஷ்பா அதை எடுக்கவில்லை. என் ஜாக்கெட் கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

"காவடியை இவர்தான் எடுப்பார்" என்றாள் தம்பியிடம். "நீ வேனை ஓட்டு."

தைப்பூசத்தன்று பத்துமலையில் வியர்க்காத ஆள் நான் ஒருவன்தான். மஞ்சள் வேட்டி, வெற்று மேல், தோளில் பால் காவடி, உடம்பு முழுக்கச் சிலிர்ப்பு. படியில் நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் புஷ்பா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கத்தினாள். "இடிக்காதீங்க! அவருக்குத் தைராய்டு! மெதுவா போகட்டும், தைராய்டு!" ஊரெல்லாம் போய்ப் புருஷன் கறி தின்றானா என்று விசாரித்தவள், அதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் இதை மலை முழுக்க அறிவித்தாள். யுகேந்திரன் என் ஜாக்கெட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஏறினான். மேலே போய்ப் பாலை ஊற்றியபோது, "சொன்னதைச் செஞ்சுட்டேன் முருகா" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் இடும்பன் பூசை. அன்று கறி சமைத்துப் படையல் போட்ட பிறகுதான் விரதத்தை முடிப்பது எங்கள் வழக்கம். ஆட்டுக்கறியைப் பீர் முகம்மதுவே சமைத்துக் கிள்ளானுக்குக் கொடுத்தனுப்பியிருந்தான். "வேற கடைக்குப் போகாத அண்ணனுக்கு" என்று சொல்லச் சொன்னானாம். படையல் முடிந்து இலை போட்டார்கள். புஷ்பா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு கறி வைத்தாள். பார்த்துப் பார்த்து, எலும்போடு இருக்கிற துண்டு.

வாயில் வைத்தேன். ஐயோ! கண் தானாக மூடிக்கொண்டது. அந்தக் காரமும் மிளகும் கொழுப்பும் நாக்கில் கரைந்தபோது எனக்குச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. எலும்பை உறிஞ்சினேன். திருப்பிப் போட்டு மறுபடி உறிஞ்சினேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் உறிஞ்சினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது புஷ்பா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"நீங்க நெஜமாவே சாப்பிடலேங்க" என்றாள்.

"என்னடி இது? கிளினிக்லேயே நம்பிட்டேன்னு நெனச்சேனே!"

"அன்னைக்கு நம்பினேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கோபமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். வாயில் எலும்பு இருந்தது. இலையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் இன்னொரு துண்டை வைத்தாள், முதலில் வைத்ததைவிடப் பெரியது. வைத்துவிட்டுச் சட்டியை மூடி, யுகேந்திரன் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.